தாய்வீடு போன கடை

பலாமேட்டில் எங்கள் கடை இடத்தை விட்டு நகர்ந்த முதல் நாள் ஒரு சாண்தான் நகர்ந்தது, அது யாருக்கும் பெரிய விஷயமாகப் படவில்லை, ஏனென்றால் அன்று செவ்வாய்க்கிழமை, மண்ணெண்ணெய் ஊற்றுகிற நாள், விடிந்ததும் கேன்களை வரிசையில் வைத்துவிட்டு நின்ற எங்களுக்கு யார் கேன் யார் கேனை முந்துகிறது என்பதில்தான் கண் இருந்ததே தவிர, கடை நேற்று நின்ற இடத்தில் நிற்கிறதா என்பதில் இல்லை. கடையைத் திறக்க வந்த குப்பாயிதான் கண்டுபிடித்தாள். படியில் ஏறி நிலைவாசலில் கால் வைக்கப் போனவளுக்குக் கால் எட்டவில்லை. குனிந்து பார்த்தால் படிக்கும் நிலைக்கும் நடுவே ஒரு சாண் அகலத்துக்கு மண் தெரிந்தது, பன்னிரண்டு வருஷம் வெயில் பார்க்காத மண், அதில் இரண்டு மண்புழு. அவள் எட்டி உள்ளே போய் ஒரு பலகையை எடுத்துவந்து அந்த இடைவெளியில் போட்டுவிட்டு, மொத கேன் யாருது என்று கேட்டாள். எங்கள் ஊரில் எல்லாமே இப்படித்தான் ஆரம்பிக்கும், மேலே ஒரு பலகையைப் போட்டுவிடுவோம்.

அந்தக் கடை எங்களுக்கு என்னவாக இருந்தது என்று கீழ்நாட்டுக்காரர்களிடம் சொன்னால் புரியாது, அவர்களுக்குத் தெருவுக்கு நாலு கடை. கடை வருவதற்கு முன்னால் உப்பு வேண்டுமென்றால் மலைப்பாதை வளைந்து திரும்புகிற பதினேழு மடக்கு இறங்கி, அடிவாரத்தில் படுத்து எழுந்து, மறுநாள் பதினேழு மடக்கு ஏற வேண்டும். இரண்டு படி உப்புக்கு இரண்டு நாள். அடிவாரத்து வியாபாரிகள் எங்கள் தேனையும் புளியையும் கடுக்காயையும் மோந்து பார்த்து, பூஞ்சை பிடித்திருக்கிறது என்று முகத்தைச் சுளித்து, ஒரு பழைய வேட்டியைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள், நாங்களும் அதை உதறிக் கட்டிக்கொண்டு வீரம் பேசியபடி மலையேறுவோம். மலைவாழ் மக்கள் கூட்டுறவுக் கடை என்று நீலப் பலகை மாட்டிக்கொண்டு அது வந்த பிறகுதான் எங்கள் புளிக்கும் ஒரு எடை உண்டு என்று தெரிந்தது. அரிசி, உப்பு, பருப்பு, சோப்பு, ரத்தக்கொதிப்பு மாத்திரை, கொசுவலை எல்லாம் அங்கே. செல்போனுக்குச் சார்ஜ் போடுவது அங்கே, தபால் வந்து சேருவது அங்கே, பெண் கேட்பது, சண்டை பிடிப்பது, சண்டையை விலக்குவது எல்லாம் அங்கே. அரிசி வாசலுக்கு வந்துவிட்டதே என்று சாமை விதைப்பதை விட்டோம், பிறகு ஒரு மழைக்காலத்தில் விதைக்கு வைத்திருந்த சாமையையும் பொங்கித் தின்றுவிட்டோம், கால்களும் பதினேழு மடக்கை மெல்ல மறந்துவிட்டன. யாரும் எங்களைக் கட்டாயப்படுத்தவில்லை, நாங்களாகத்தான் மறந்தோம்.

அதைக் கட்டியபோது வந்த எஞ்சினியர் மலைக்கல் உதவாது என்று சொல்லிவிட்டார். கல், மணல், சிமெண்டு, தகரம், நிலைக்கதவு எல்லாவற்றையும் அடிவாரத்து ரோட்டோரக் குடோனிலிருந்து நாற்பத்திரண்டு வீட்டுக்காரர்களும் ஒரு கோடைக்காலம் முழுக்கத் தலையில் சுமந்தோம். கட்டி முடித்துப் பார்த்தால் அந்தக் கட்டடத்தில் மலையினுடையது என்று சொல்ல ஒரு கூழாங்கல்கூடக் கிடையாது. எங்கள் ஊர்க்கவுண்டர் சடையன் அதைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு, பிறந்தது கீழே, சோறு போட வந்திருப்பது மேலே, அப்படியானால் இவள் நம்ம ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவள் என்று சொல்லிவிட்டார். நாங்களும் அப்படியே நடத்தினோம். ஊர்தான் மாப்பிள்ளை. நிலைக்கு மஞ்சள் பூசி, பூச்சரம் சுற்றி, பெண்ணழைப்புக்கு அடிக்கிற மேளத்தை அடித்தோம். எங்கள் வழக்கத்தில் வருகிற பெண்ணுக்கு முதல் சொம்புத் தண்ணீர் ஊற்றுகிறவன் அவளுக்குக் கொழுந்தன், வெள்ளையன்தான் ஊற்றினான். அப்போது அவனுக்கும் குப்பாயிக்கும் கல்யாணமாகி ஆறு மாசம், ஊரிலேயே கை நடுங்காமல் தேனெடுக்கிறவன் அவன்தான். குப்பாயி எட்டாவது படித்திருந்ததால் கடையை அவளிடம் கொடுத்தோம்.

கொழுந்தன் என்பவன் சும்மா பேருக்கு நிற்கிற ஆள் இல்லை. மூன்றாம் வருஷம் அறுப்பு முடிந்ததும் புதுத் தானியத்தை முடிந்து கொடுத்து, வந்தவளைத் தாய்வீட்டுக்குக் கூட்டிப்போய் மூன்று நாள் இருக்கவைத்துக் கூட்டிவர வேண்டியவன் அவன்தான். மூன்றாம் வருஷம் அறுப்புக்குப் பத்து நாள் முன்னால் தேன்பாறையில் கயிறு அறுந்து வெள்ளையன் விழுந்தான், இடுப்புக்குக் கீழே அவனுக்கு உடம்பு இல்லாமல் போனது. நாலு சுவரைத் தாய்வீட்டுக்கு எப்படிக் கூட்டிப்போவது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது, தெரியாததை யோசிக்காமல் இருப்பதற்கு வெள்ளையனின் இடுப்பு எங்களுக்கு நல்ல சாக்காக அமைந்தது. விட்டுவிட்டோம்.

கடை இரண்டாம் நாளும் ஒரு சாண் இறங்கியது, மூன்றாம் நாளும் ஒரு சாண். பலகை போதாமல் மூங்கிலைப் பிளந்து பாலம் போட்டோம், பாலம் போதாமல் போனதும் பாலத்தைப் பிடுங்கி அடுப்பெரித்தோம். அடுத்த மாசம் நாளுக்கு ஒரு முழம், அதற்கடுத்த மாசம் நாளுக்குப் பத்தடி. உள்ளே அரிசி மூட்டை சரியவில்லை, எண்ணெய் டின் தளும்பவில்லை, தராசுகூட ஆடவில்லை, வழியில் நின்ற மரங்கள் எப்படி விலகிக்கொண்டன என்று தெரியவில்லை, ஒரு கிளைகூட ஒடியவில்லை. படி மட்டும் இருந்த இடத்திலேயே நின்றது, அதில் கோழிகள் படுத்துக்கொண்டன. ஊரில் முதலில் கேட்ட கேள்வி கடை ஏன் போகிறது என்பது இல்லை, வரிசையில் நேற்று நின்ற இடம் இன்றைக்கும் செல்லுமா என்பதுதான். அதற்கே இரண்டு பஞ்சாயத்து கூட்டினோம்.

யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் அது நகர்வதில்லை என்று பிறகு தெரிந்தது. உடனே முறை வைத்தோம். வீட்டுக்கு ஒருவர், பாயைப் போட்டு எதிரே உட்கார்ந்து, கண் எடுக்காமல் கடையைப் பார்க்க வேண்டும், ஒருவர் கண்ணைத் துடைக்கும்போது பக்கத்தில் இருப்பவர் பார்க்க வேண்டும். எட்டு நாள் ஊரே வேலைவெட்டியை விட்டுவிட்டுக் கடையைப் பார்த்தது, பார்த்துப் பார்த்துச் சிலருக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது, ஆனால் கடை அசையவில்லை, நாங்களும் சிரித்துக்கொண்டோம். ஒன்பதாம் நாள் மலைமேல் மூடுபனி இறங்கியது, நீட்டிய கை தெரியாத பனி, கடையைப் பார்க்கிறோம் என்று நினைத்துக்கொண்டு அரை நாள் வெறும் வெள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பனி விலகியபோது ஒன்பது நாள் பாக்கியையும் சேர்த்து நடந்து முதல் மடக்கில் நின்றிருந்தது. அதற்குப் பிறகு யாரும் முறைக்கு வரவில்லை.

அன்றைக்குத்தான் ஊர்க்கவுண்டர் எங்களை உட்காரவைத்துச் சொன்னார், அவளைத் தாய்வீட்டுக்குக் கூட்டிப்போகவில்லை, அதனால் அவளே கிளம்பிவிட்டாள் என்று. எங்களுக்கும் அது முதல் நாளே தெரியும், சொன்னால் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும் என்பதால் சொல்லவில்லை. கோபித்துப் போகிறவளைக் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, எதிரே போய் மறிக்கக் கூடாது, முதுகுக்குப் பின்னால் கூப்பிடவும் கூடாது. தாய்வீட்டு வாசலில் அவள் போய்ச் சேர்ந்த பிறகு கொழுந்தன் போய் மூன்று தரம் அழைக்க வேண்டும். அழைத்தவன் அவளுக்கு முன்னால் வழிகாட்டி வர வேண்டும், அவளை விட்டுவிட்டு அவன் மட்டும் வீடு சேரக் கூடாது, நடுவழியில் அவளை விட்டு அகலவும் கூடாது, அகன்றால் திரும்பிப் போய்விடுவாள், அப்புறம் மறு அழைப்பு கிடையாது. இதையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல நாங்கள் ஒவ்வொருவராகத் திரும்பி, நாற்பதடி தள்ளியிருந்த வெள்ளையன் வீட்டைப் பார்த்தோம். வேறொரு கொழுந்தனை நிறுத்தக் கூடாதா என்று யாரோ கேட்டதற்கு, தண்ணி ஊத்துன கை ஒண்ணுதான் என்று சொல்லிவிட்டார்.

நாங்கள் திரும்பிப் பார்த்த அந்த வீட்டின் நிலை இதுதான். வெள்ளையனை ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் போட வேண்டும், இல்லாவிட்டால் கீழே அழுந்துகிற பக்கம் புண்ணாகிவிடும், அவனுக்கு வலி தெரியாது என்பதால் புண்ணும் தெரியாது. ஒன்பது வருஷமாகக் குப்பாயி விடியலில் புரட்டிவிட்டுக் கடையைத் திறப்பாள், நடுப்பகலில் கதவைச் சாத்திவிட்டு ஓடிவந்து கஞ்சி கொடுத்துப் புரட்டுவாள், சாயங்காலம் மறுபடி. கடையில் உட்கார்ந்தபடியே அவன் இருமுவது அவளுக்குக் கேட்கும். ஒன்பது வருஷத்தில் அவன் உடம்பில் ஒரு கீறல் கிடையாது, அடிவாரத்திலிருந்து வருகிற நர்ஸம்மா அவனைப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரியில்கூட இப்படி வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்று சொல்வார். கடையின் வேகமோ நாளுக்கு நாள் கூடியது, இப்போது மூன்றாம் மடக்கில், பிறகு ஐந்தாம் மடக்கில். நடுப்பகலில் அவள் ஏறி வந்தால் இறங்கிப் போவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். கைரேகை மெஷின் அவள் கட்டைவிரலைத் தவிர வேறு விரலுக்குத் திறக்காது, அவள் உட்காராவிட்டால் நாற்பத்திரண்டு வீட்டுக்கும் அரிசி இல்லை. பக்கத்து வீட்டுச் செல்லி நடுப்பகலில் வந்து வெள்ளையனைப் புரட்டிவிட்டுப் போனாள். கடை எட்டாம் மடக்கைத் தாண்டியதும் செல்லியின் குடும்பமும் கடைக்குப் பக்கத்தில் ஒரு குடிசை போட்டுக்கொண்டு இறங்கிவிட்டது.

செல்லி மட்டும் இல்லை, பதினாறு வீடு இறங்கியது. குடிசை போட்டால் மறுநாள் கடை கீழே போயிருக்கும், மூங்கிலைப் பிடுங்கிக்கொண்டு பின்னாலேயே போய் மறுபடி போடுவார்கள், இப்படி மடக்குக்கு மடக்கு அடுப்புக்கல் மூன்று மூன்றாகக் கிடந்தது. மேலே இருந்த நாங்கள் விடிவதற்கு முன்னால் கிளம்பினால்தான் இருட்டுவதற்குள் அரிசியோடு திரும்பலாம். ஊரில் பகலில் நடக்கிற கால் ஒன்றுகூட இல்லாமல் போனது, வெள்ளையன் காலையில் எந்தப் பக்கம் படுத்தானோ சாயங்காலம் வரைக்கும் அந்தப் பக்கமே படுத்திருந்தான். கட்டிலோடு உன்னையும் கீழே கொண்டுபோய்விடலாமா என்று குப்பாயி கேட்டதற்கு, நிற்காத கடைக்குப் பின்னால் தினம் தினம் என்னையும் இழுப்பாயா என்று கேட்டானாம். மழைக்காலம் முடிவதற்குள் இடுப்பெலும்புக்கு மேலே ஒரு புண் வந்தது, முதலில் பொட்டளவு, பிறகு உள்ளங்கையளவு. அதைக் கழுவிக் கட்டிவிட்டுத்தான் அவள் இருட்டோடு இறங்கினாள்.

மனுக் கொடுக்காமல் இல்லை. கூட்டுறவு அதிகாரி ஒருவர் ஏறி வந்தார், பழைய படியையும் அதில் படுத்திருந்த கோழிகளையும் பார்த்தார், டேப்பைப் பிடித்து வெறும் மண்ணை அளந்தார், இளநீர் குடித்தார். பலாமேட்டுக்குக் கடை இல்லை என்று எழுத முடியாது, கடைதான் இருக்கிறதே, நான் வருகிற வழியில் பார்த்தேனே, சரக்கும் குறையவில்லை, பிறகு எப்படி இன்னொன்று கேட்க முடியும் என்றார். கடை நடக்கிறது என்பதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, அந்த மாதிரி ஒரு கட்டம் அவர் கொண்டுவந்த படிவத்தில் இல்லை. நாங்களும் அவரை மடக்கு மடக்காகப் பத்திரமாக இறக்கிவிட்டு வந்தோம்.

தை பிறந்து நாலாம் நாள் கடை அடிவாரத்தில் போய்ச் சேர்ந்தது. எந்தக் குடோனிலிருந்து அதன் சிமெண்டும் தகரமும் வந்ததோ அந்தக் குடோனின் சுவரோடு சுவர் ஒட்டி நின்றுகொண்டது. கீழ்நாட்டுக்காரர்களுக்கும் ஆச்சரியம் ஒன்றும் இல்லை, மறுநாளே குடோன் வாட்ச்மேன் தன் ஆட்டைக் கடை ஜன்னலில் கட்டிவிட்டார், ஒரு வாரத்தில் சுவரில் கட்சி போஸ்டர் ஒட்டிவிட்டார்கள். பழைய வியாபாரிகள் வழியில் நின்றுகொண்டு, எங்கள் புளியை மறுபடி மோந்து பார்க்க ஆரம்பித்தார்கள்.

வெள்ளையனைக் கேட்கப் போனோம். ஊர்க்கவுண்டரும் நாங்கள் ஐந்து பேரும். முதலில் மழையைப் பற்றிப் பேசினோம், பிறகு பலா இந்த வருஷம் பிஞ்சு விட்டிருப்பதைப் பற்றிப் பேசினோம். நாங்கள் எதற்கு வந்திருக்கிறோம் என்பது வெள்ளையனுக்குத் தெரிந்திருந்தது.

"எப்பத் தூக்கப் போறீங்க?" என்றான்.

குப்பாயி அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள். எங்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை, அவனுடைய போர்வையை மட்டும் ஒரு பக்கம் விலக்கினாள்.

"நல்லாப் பாருங்க. இந்த உடம்புல எந்த எடத்துல கை வெச்சுத் தூக்குவீங்க?"

பார்த்தோம். பார்த்துவிட்டுத்தான் மறுநாள் மூங்கில் வெட்டப் போனோம். இதை மறைத்துச் சொல்வதில் ஒன்றும் இல்லை.

தூளி கட்டி, பஞ்சும் இலவம்பஞ்சுத் தலையணையும் வைத்து, நாலு பேர் தோள் கொடுக்க, நாலு பேர் மாற்றுத் தோளுக்குக் கூட வர, இரண்டு நாள் இறங்கினோம். மடக்குக்கு ஒரு தரம் நிறுத்தி அவனைப் புரட்டிப் போட்டோம். ஒன்பது வருஷத்தில் அவனை இத்தனை கைகள் தொட்டதில்லை. அவனோ சந்தோஷமாக இருந்தான், அதுதான் எங்களால் தாங்க முடியவில்லை. ஒன்பது வருஷமாகக் கூரையையே பார்த்துக்கிடந்தவன், இந்த மரத்தில் தேனடை இருக்கிறது, அந்தப் பாறை இடுக்கில் இருக்கிறது, இன்னும் பதினைந்து நாளில் வந்து எடுங்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தான். அவன் சொன்ன இடமெல்லாம் அடை இருந்தது. குப்பாயி தூளியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

கடை வாசலுக்கு நேரே கட்டிலைப் போட்டு அவனைப் படுக்கவைத்தோம். குடோனில் மூட்டை தூக்குகிறவர்கள்கூட வேலையை நிறுத்திவிட்டு வந்து நின்றார்கள். முதல் தரம் வழக்கப்படி அழைத்தான், அடுப்பு காத்திருக்கிறது வாங்க என்று. இரண்டாம் தரம் வழக்கப்படி, வாசல் காத்திருக்கிறது வாங்க என்று. மூன்றாம் தரம் வழக்கமான வார்த்தை கிடையாது, கொழுந்தன் உண்மையைச் சொல்ல வேண்டும். வெள்ளையன் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான்.

"அண்ணி, மூணாம் வருசம் உங்களை நான்தான் கூட்டியாந்திருக்கணும். பாறையில உளுந்துட்டேன். ஊர்க்காரங்க மறக்கல, மறந்தாப்புல இருந்துட்டாங்க. தப்புதான். வாங்க, போலாம்."

எங்களில் யாரும் தலை நிமிரவில்லை. அவன் சொன்னதில் பொய் இருந்திருந்தால் சண்டைக்குப் போயிருப்போம்.

மறுநாள் காலை வாட்ச்மேன்தான் கத்தினார், அவருடைய ஆட்டுக் கயிறு இழுபட்டிருந்தது. கடைக்கும் குடோன் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. மலையைப் பார்த்து ஒரு சாண். ஊர்க்கவுண்டர் அந்த இடைவெளியில் தன் கையை விரித்து வைத்துப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்து அழுதார், நாங்களும் அழுதோம், ரோட்டோரத்திலேயே பொங்கல் வைத்துக் கீழ்நாட்டுக்காரர்களுக்கும் கொடுத்தோம். போகும்போதும் ஒரு சாணில்தானே ஆரம்பித்தாள், போகப் போக வேகம் பிடித்தாள் அல்லவா, வரும்போதும் அப்படித்தான் வருவாள் என்று பேசிக்கொண்டோம். பதினாறு வீட்டில் ஏழு வீடு அந்த நம்பிக்கையிலேயே மூங்கிலைப் பிடுங்கிக்கொண்டு மேலே ஏறிப் போய்க் கூரை வேய்ந்தது. சிலர் பழைய படியைச் சுற்றிப் புல் செதுக்கினார்கள்.

இரண்டாம் நாள் ஒரு சாண். பத்தாம் நாள் ஒரு சாண். நாற்பதாம் நாளும் ஒரே ஒரு சாண்தான். தினமும் விடிந்ததும் கட்டிலை ஒரு சாண் முன்னே நகர்த்துவார்கள், ராத்திரி யாரும் பார்க்காத நேரத்தில் கடை அதன் பின்னாலேயே வந்து நிற்கும், அன்றைய வேலை அத்தோடு முடிந்தது. பள்ளிக்கூடத்து வாத்தியார் மணலில் குச்சியால் கணக்குப் போட்டு, இப்படியே போனால் பலாமேட்டுக்கு நூற்று நாற்பத்து மூன்று வருஷம் ஆகும் என்றார். அவரோடு நாங்கள் ஒரு வாரம் பேசவில்லை. நூற்று நாற்பத்து மூன்று வருஷம் என்றாலும் வருகிறாள் அல்லவா, போகவில்லையே. நாளைக்கே வேகம் பிடிக்கலாம். தாய்வீட்டிலிருந்து திரும்புகிறவர்கள் முதலில் மெல்லத்தான் நடப்பார்கள் என்று பெண்கள் சொன்னார்கள், அவர்களுக்குத் தெரியாதா.

கடைக்கு முன்னால் தார்ப்பாய் ஒன்றை இழுத்துக் கட்டி அதன் கீழேதான் அவர்கள் இருவரும் இருந்தார்கள். ஒரு விதத்தில் குப்பாயிக்குப் பழைய நாள் திரும்பிவிட்டது, அரிசி அளந்தபடியே அவன் இருமலைக் கேட்கலாம், ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம் எழுந்து போய்ப் புரட்டிவிட்டு வரலாம். ஒரு தரம்கூடத் தவறவில்லை. புண்ணுக்கு மட்டும் அது தெரியவில்லை, அது தன்பாட்டுக்கு உள்ளே உள்ளே போனது. சாயங்காலங்களில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சலில் அவன் கடையோடு பேசினான், மெல்ல வாங்க அண்ணி, கல் இருக்கு பாத்து வாங்க என்று.

நாற்பத்தெட்டாம் நாள் அரிசி போடுகிற நாள், மேலே இருந்தும் கீழே இருந்தும் எல்லோரும் வந்திருந்தோம். நர்ஸம்மாவும் வந்தார். கட்டைப் பிரித்துப் பார்த்தவர் கையை எடுத்துக்கொண்டார். பிறகு எழுந்து, குப்பாயியிடம் சொல்கிற மாதிரி எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"எலும்பு தெரியுது. இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும். ஒரு மாசமாவது படுக்க வேண்டியிருக்கும். ரோடு பக்கத்துல இருக்கு, போன் பண்ணினா அரை மணி நேரத்துல வண்டி வந்துரும். இங்கயே கெடந்தா இந்த மாசம் தாண்டாது."

குப்பாயி புருஷன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "போலாங்க" என்றாள். ஒன்பது வருஷத்தில் அவள் அவனிடம் எதையும் கெஞ்சிக் கேட்டு நாங்கள் பார்த்ததில்லை. "எனக்கு அரிசியும் வேணாம், கடையும் வேணாம். போயிரலாங்க."

வெள்ளையன் கண்ணைத் திறந்து கடையைப் பார்த்தான், பிறகு எங்களைப் பார்த்தான். "நான் எடத்தை விட்டுப் போனா அண்ணி திரும்பிருவாங்க, புள்ள" என்றான். "அது என் சோறு மட்டும் இல்ல. ஊரு சொல்லட்டும். போன்னு சொன்னாப் போறேன்."

போ என்பது சின்ன வார்த்தை. ஆட்டுக்குச் சொல்கிறோம், கோழிக்குச் சொல்கிறோம், பேசத் தெரியாத குழந்தைகூட முதலில் கற்றுக்கொள்கிற வார்த்தை அது. எங்களில் நூற்றுப் பத்துப் பேர் அங்கே நின்றோம். ஊர்க்கவுண்டர் தலைத்துண்டை அவிழ்த்து உதறி மறுபடி கட்டினார். செல்லி தன் அரிசிப் பையின் வாயைச் சுருட்டினாள், விரித்தாள், சுருட்டினாள். மேலே ஏறிப் போய்க் கூரை வேய்ந்த ஏழு வீட்டுக்காரர்களும் தங்கள் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாராவது ஒருவர் சொல்லிவிடுவார் என்று ஒவ்வொருவரும் காத்திருந்தோம், அப்படிச் சொல்லியிருந்தால் மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்று சொல்லியிருப்போம், இதை நான் சத்தியமாகச் சொல்வேன். நர்ஸம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். பிறகு அவரும் பையை எடுத்துக்கொண்டு, நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

குப்பாயி எழுந்தாள். எங்கள் முகங்களை ஒவ்வொன்றாக, ஒன்றையும் விடாமல், பார்த்துக்கொண்டு வந்தாள். என் முகத்தையும் பார்த்தாள். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அன்று காலை அவசரத்தில் நகர்த்த மறந்துபோன கட்டிலின் கால்மாட்டைப் போய்ப் பிடித்தாள்.

தலைமாட்டை நாங்கள் பிடித்துக்கொண்டோம்.